பழைய பொன்னகையின் வயதை அறிய எந்தச் சோதனையை முதலில் நாடுவது?

பாலக்கோட்டில் எங்கள் பாட்டி வாழ்ந்த வீடும் நிலமும் பாகம் பிரிக்கப்பட்ட பிறகு, பிரிக்கப்படாமல் எஞ்சியது ஒரு நகைப்பெட்டி மட்டுமே. பதினொரு காசுகள் கோத்த காசுமாலை, சிவப்புக் கெம்பு பதித்த அட்டிகை, இரட்டை வடச் சங்கிலி, ஒரு ஜோடிக் கல் கம்மல், கோலார் தங்கவயலில் வேலை பார்த்த கொள்ளுத்தாத்தா விட்டுச்சென்ற மோதிரம் ஆகியவை அதில் இருந்தன. எல்லாவற்றையும் சேலத்துக்குக் கொண்டுபோய் உருக்கி, கிராம் கணக்கில் மூன்று பங்காகப் பிரித்துவிடலாம் என்றார் பெரியப்பா. எதையும் அழிக்கக் கூடாது என்றார் அத்தை. இரண்டு முடிவுகளில் எதை எடுப்பதானாலும் அதற்கு முன் அந்த நகைகள் எந்தக் காலத்தவை, எவ்வளவு மாற்று (தங்கத்தின் தூய்மை) உடையவை என்று தெரிந்தாக வேண்டும் என்பதால், விசாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு எட்டக்கூடிய வழிகள் அனைத்தையும் நான் ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்த்தேன்.

மாற்று என்பது ஒரு கேள்வி, வயது என்பது வேறொரு கேள்வி. இதை முதலிலேயே பிரித்துக்கொள்ளாமல் கடைக்குப் போகிறவர்கள் மாற்றுக்கான விடையைப் பெற்றுக்கொண்டு, வயதுக்கான சான்றை அங்கேயே அழித்துவிட்டு வருகிறார்கள். எங்கள் அத்தைக்கு முன்பொரு முறை அதுதான் நேர்ந்தது. வேறு நகையாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு கடையில் கொடுத்த, மேல்கையில் அணியும் பழைய வங்கியை, ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக இரண்டாக வெட்டிவிட்டார்கள். வெட்டிய நகையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து என்ன செய்வது என்று அவர் அதை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தார். அந்த வங்கி யார் காலத்தது, எங்கே செய்தது என்பதை இனி எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய முதல் வழி முத்திரை பார்ப்பது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறு கண்ணாடியும் பகல் வெளிச்சமும் இருந்தால் போதும், செலவும் இல்லை, நகைக்குச் சேதமும் இல்லை. சங்கிலியானால் கொக்கியிலும், கம்மலானால் தண்டின் அடியிலும், மோதிரமானால் உட்புறத்திலும் பார்க்க வேண்டும். இந்திய முத்திரையைக் கொண்டு ஒரு நகையின் வயதைத் துல்லியமாகச் சொல்ல முடிவது 2000ஆம் ஆண்டுக்குப் பிறகுதான், ஏனென்றால் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தங்கத்துக்கு ஹால்மார்க் வழங்கத் தொடங்கியதே அந்த ஆண்டில்தான். தொடக்கத்தில் ஐந்து குறிகள் இருந்தன: அமைவனத்தின் முக்கோணச் சின்னம், ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்று சொல்லும் 916 போன்ற மாற்றெண், சோதனை மையத்தின் குறி, கடைக்காரரின் குறி, இவற்றோடு ஆண்டைக் குறிக்கும் ஓர் ஆங்கில எழுத்து. ஏ என்றால் 2000, பி என்றால் 2001 என்று அது வரிசையாகச் செல்லும். ஆனால் ஐ என்ற எழுத்து விடப்பட்டிருப்பதால் 2008ஆம் ஆண்டுக்கு உரியது ஜே ஆகும் என்பதை மறந்தால் கணக்கு ஓராண்டு பிசகிவிடும். 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்த ஆண்டெழுத்து நீக்கப்பட்டு, 22கே916 என்று கேரட்டும் மாற்றெண்ணும் சேர்ந்து நிற்கும் முறை வந்தது. 2021 ஜூலை முதல் சின்னம், மாற்று, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்கத் தனிக்குறியீடு என்ற மூன்று மட்டுமே பொறிக்கப்படுகின்றன. ஆகவே ஐந்து குறியா, நான்கா, மூன்றா என்று எண்ணிப் பார்த்தாலே இந்த நூற்றாண்டு நகையின் காலம் ஏறத்தாழத் தெரிந்துவிடும். ஆறிலக்கக் குறியீடு உள்ள நகையை அமைவனத்தின் கைப்பேசிச் செயலியிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, அதில் நானே விழப்பார்த்தேன். பாட்டியின் இரட்டை வடச் சங்கிலியின் கொக்கியில் முக்கோணச் சின்னமும் 916ம் எஃப் என்ற எழுத்தும் தெளிவாக இருந்தன. அப்படியானால் அது 2005ஆம் ஆண்டுச் சங்கிலி. ஆனால் பெட்டியின் அடியில் கிடந்த கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் சீட்டு ஒன்று, இதே சங்கிலியை ‘இரண்டு வடம், நடுவே முகப்பு’ என்று எடையோடு குறிப்பிட்டிருந்தது; சீட்டின் ஆண்டு 1978. தேய்ந்துபோன கொக்கிக்குப் பதிலாக வேறொரு நகையின் கொக்கியை யாரோ பொருத்தியிருக்கிறார்கள். கொக்கியும் திருகும் வளையமும் மாற்றக்கூடிய உறுப்புகள் என்பதால், அவற்றின் மேல் உள்ள முத்திரை அந்த உறுப்புக்குத்தான் சாட்சி. நகை முழுவதற்கும் சாட்சி என்று எடுத்துக்கொண்டால் வயது மட்டுமல்ல, மாற்றும் தவறிப்போகும்.

2000த்துக்கு முந்தைய நம் ஊர் நகைகளில் காணப்படும் 22, கடைப் பெயரின் முதலெழுத்துகள் போன்றவை செய்தவரின் அல்லது விற்றவரின் சொந்த வாக்குறுதி. அந்தக் கடையை அறிந்தவர்கள் இருக்கும் வரை அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அதைச் சோதித்துப் பொறித்த மூன்றாம் தரப்பு எதுவும் இல்லை. கேடிஎம் என்ற குறியும் அப்படித்தான். காட்மியம் கலந்து பற்றவைத்தது என்பதைச் சொல்லும் அந்த மூன்றெழுத்தைப் பலர் ஹால்மார்க் என்றே நம்புகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பரவிய முறை அது என்பதால், கேடிஎம் பொறித்த ஒரு நகையைக் கொள்ளுப்பாட்டி காலத்தது என்று எவராவது விற்க வந்தால் மறுத்துவிடலாம். 14 என்ற எண்ணைக் கண்டால் மட்டும் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 கேரட்டுக்கு மேற்பட்ட புதிய நகை செய்வதைத் தடுத்தன; அந்தத் தடை 1966இல் விலக்கப்பட்டது. பொற்கொல்லர் குடும்பங்கள் பல அந்த ஆண்டுகளில் பட்டறையை மூடிவிட்டு வேறு தொழில் தேடிப்போயின. நம் ஊர் வேலைப்பாட்டில், நம் ஊர்க் கடைக் குறியோடு, 14 என்று பொறித்த ஒரு பழைய சங்கிலி அந்தக் குறுகிய காலத்ததாக இருக்க வாய்ப்பு மிகுதி. உருக்கினால் விலை குறைவாக வரும் அந்த நகையைத்தான் நான் முதலில் காப்பாற்றச் சொல்லுவேன்.

வெளிநாட்டு முத்திரைகள் இதற்கு நேர்மாறானவை. பிரிட்டனில் செய்த நகையானால் சோதனை நடந்த ஊரின் குறி இருக்கும்: லண்டனுக்குச் சிறுத்தையின் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், எடின்பரோவுக்குக் கோட்டை. கூடவே ஆண்டுதோறும் மாறும் ஓர் எழுத்தும் இருக்கும். எழுத்து மட்டும் போதாது. அது பெரிய எழுத்தா சிறிய எழுத்தா, எந்த வடிவக் கட்டத்துக்குள் நிற்கிறது என்பவற்றையும் சேர்த்து அந்த ஊருக்குரிய அட்டவணையில் தேட வேண்டும், ஏனென்றால் அகரவரிசை முடிந்ததும் அதே எழுத்து வேறு வடிவில் திரும்ப வரும். கொள்ளுத்தாத்தாவின் மோதிரத்தில் நங்கூரம் தெரிந்தது, ஆண்டெழுத்து முற்றிலும் தேய்ந்திருந்தது. ஆனால் அதன் அருகே 15 என்றும் ·625 என்றும் இரண்டு எண்கள் இருந்தன. 15 கேரட் என்ற தரத்தை 1854இல் அனுமதித்த பிரிட்டன், 1932இல் அதைக் கைவிட்டு 14 கேரட்டைக் கொண்டுவந்தது. எழுத்து தேய்ந்தும் எண் காட்டிக்கொடுத்துவிட்டது: அந்த மோதிரம் 1932க்குப் பிந்தியதாக இருக்க முடியாது. ஆங்கிலேயக் கம்பெனிகள் நடத்திய தங்கவயலில் கொள்ளுத்தாத்தா வேலை பார்த்த காலத்தோடு அது பொருந்துகிறது. கிருஷ்ணகிரி, வேப்பனப்பள்ளிப் பக்கங்களில் தங்கவயலோடு தொடர்புள்ள வீடுகளில் இத்தகைய மோதிரங்களும் கைக்கடிகாரச் சங்கிலிகளும் இருக்கலாம். 15 கேரட் என்றால் நூற்றுக்கு அறுபத்திரண்டரைப் பங்குதான் தங்கம் என்பதைக் கேட்டதும் பெரியப்பாவின் முகம் வாடிவிட்டது. உருக்குவதற்கு மிகவும் மலிவான அந்த மோதிரம்தான் பெட்டியிலேயே காலம் உறுதியாகத் தெரிந்த நகை.

முத்திரையே இல்லாத நகைக்கு இரண்டாம் வழியாக நான் வைப்பது காகிதமும் காசும். இதைக் கடைக்காரர்கள் ஒரு சோதனையாகவே கருதுவதில்லை. என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொன்னது இதுதான். பழைய ரசீது கிடைத்தால் அதில் தேதி கிழிந்திருந்தாலும் காலத்தைக் கணிக்க முடியும். தொகை ரூபாய், அணா, பை என்று எழுதப்பட்டிருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முந்தைய வழக்கம். நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. எடை பழைய அளவான தோலாவில் இருந்தால் மெட்ரிக் எடைகள் கட்டாயமாவதற்கு முந்தையது என்று பெரும்பாலும் கொள்ளலாம், ஆனால் பழக்கத்தால் பின்னரும் தோலாவில் எழுதியவர்கள் உண்டு என்பதால் இதை மட்டும் தனித்து நம்பக் கூடாது. முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. நம் பகுதிக்கென்றே அமைந்த இரண்டு எல்லைகளும் உண்டு. ‘சேலம் ஜில்லா, தர்மபுரி’ என்று அச்சிட்ட ரசீது 1965 அக்டோபரில் தர்மபுரி தனி மாவட்டமாவதற்கு முன் அச்சானது. ‘தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி’ என்றிருந்தால் அது 1965க்கும் 2004 பிப்ரவரிக்கும் இடையே அச்சடித்த தாள். கடைக்காரர் பழைய ரசீதுப் புத்தகத்தைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தியிருக்கலாம் என்ற தளர்வை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

காசுமாலையில் காசே சாட்சி. பாட்டியின் மாலையில் உள்ள பதினொன்றும் சவரன் எனப்படும் பிரிட்டிஷ் தங்க நாணயங்கள். அவற்றின் ஆண்டுகளை ஒவ்வொன்றாக எழுதிவைத்தேன்: முக்காடிட்ட முதிய விக்டோரியா தலை உள்ளவை 1893க்கும் 1901க்கும் இடைப்பட்டவை, எட்வர்டு தலை உள்ளவை அடுத்த பத்தாண்டுகளுக்கு உரியவை, எஞ்சியவை ஐந்தாம் ஜார்ஜ் காலத்தவை. மிகப் பிந்திய காசு 1918ஆம் ஆண்டுக்கு உரியது. அதன் பின்புறத்தில் உள்ள குதிரை உருவத்தின் காலடித் தரைக்கோட்டில் ஐ என்ற நுண்ணெழுத்து இருந்தது. அது பம்பாய் நாணயச்சாலையில் அந்த ஓராண்டு மட்டும் அடித்த சவரன். மாலையின் வயதை மிகப் பழைய காசைக் கொண்டு சொல்லுவது எல்லோரும் செய்யும் தவறு. மிகப் புதிய காசுக்கு முன் மாலை உருவாகியிருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. மேல் எல்லையை வீட்டுப் புகைப்படம் கொடுத்தது: 1946இல் பாட்டியின் கல்யாணப் படத்தில் அந்த மாலை கழுத்தில் இருக்கிறது. ஆக 1918க்கும் 1946க்கும் இடைப்பட்டது என்று எழுதிவைத்தேன், அதற்கு மேல் குறுக்க முயலவில்லை. பழைய ஆண்டு பொறித்த போலிச் சவரன்கள் பிற்காலத்தில் ஏராளமாக அடிக்கப்பட்டன என்பதால், காசின் குறுக்களவு ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அசல் சவரனின் எடை 7.988 கிராம், மேலே வளையம் பற்றவைத்திருந்தால் அந்த எடை கூடியிருக்கும்.

மூன்றாவது வழி உரைகல். கிருஷ்ணகிரியில் பழையபேட்டைப் பக்கத்தில் இன்னும் கையால் வேலை செய்யும் ஓர் ஆசாரியிடம் அட்டிகையையும் கம்மலையும் கொண்டுபோனேன். கல்லில் நகையை இழைத்து, பக்கத்தில் மாற்றுத் தெரிந்த ஆணியால் மற்றொரு கோடு இழைத்து, இரண்டின் மேலும் திராவகம் தடவி, நிறம் எது முதலில் மங்குகிறது என்று பார்ப்பது அந்த முறை. இழப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு. 22 கேரட்டா, 18ஆ என்பதைப் பழகிய கை உறுதியாகச் சொல்லிவிடும். 916ஆ, 900ஆ என்று கேட்டால் அதன் சொல்லைக் கொண்டு பாகம் பிரிக்க முடியாது. ஆனால் நான் அவரிடம் போனதற்குக் கிடைத்த பலன் கல்லில் இல்லை. அட்டிகையைக் கையில் வாங்கியவர் முதலில் எடைபோடவில்லை, தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். உள்ளே அரக்கு இருக்கிறது, கல் கட்டு பின்புறம் மூடிய அடைப்புக் கட்டு, இதைச் சூட்டில் வைக்கக் கூடாது, நீரில் கொதிக்கவைத்துக் கழுவவும் கூடாது என்று சொன்னார். பிறகு கம்மலின் திருகைக் கழற்றிக் காட்டினார்: மரையின் இடைவெளி ஒரே சீராக இல்லை, வலக் கம்மலின் திருகு இடக் கம்மலில் ஏறவில்லை. கையால் வெட்டிய மரை அப்படித்தான் இருக்கும், இயந்திரத்தில் வெட்டியது எதிலும் ஏறும் என்றார். எண்ணால் சொல்ல முடியாத இந்த அறிவு, ஆண்டைத் தராவிட்டாலும், நகை எப்படிச் செய்யப்பட்டது என்பதைத் தருகிறது. புதிதாகச் செய்து மங்கலாக மெருகேற்றிய ஆன்டிக் நகைகள் கடைகளில் நிறைந்திருக்கும் இக்காலத்தில், மேற்பரப்பின் நிறத்தைவிடத் திருகின் மரையும், வளையங்கள் ஒன்றோடொன்று உராய்ந்த உட்புறத் தேய்மானமும் நம்பத்தக்கவை.

நான்காவது, கேரட் மீட்டர் எனப்படும் ஊடுகதிர்க் கருவி. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பெரிய கடைகளில் இது இருக்கிறது. ஒரு நிமிடத்தில் தங்கம், வெள்ளி, செம்பு, துத்தநாகம் என்று பங்கு பிரித்து எண் காட்டுகிறது. நகைக்கு எந்தச் சேதமும் இல்லை. அதன் குறை, அது பார்ப்பது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த ஆழத்தை மட்டுமே. மேலே முலாம் இருந்தால் முலாமைப் படிக்கும், உள்ளே அரக்கோ வெள்ளியோ இருந்தால் அதற்குத் தெரியாது. ஒரே இடத்தில் வைத்துக் காட்டும் எண்ணை ஏற்றுக்கொள்ளாமல், பல இடங்களில் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். காசுமாலையில் காசின் முகத்தில் 91.6ஐ ஒட்டி வந்த எண், கோக்கும் வளையத்தில் 83க்கும், பற்று வைத்த இடத்தில் அதற்கும் கீழே போனது. பழைய முறையில் செம்பு மிகுந்த பொடி வைத்துப் பற்றவைத்ததால் வரும் வேறுபாடு அது. அந்த வேறுபாடே ஒருவகையில் பழைமைக்கான அடையாளம், ஆனால் அதிலிருந்து ஆண்டைக் கணக்கிட முடியாது. எடை போட்டு விற்கும்போது மாலை முழுவதற்கும் காசின் மாற்றைக் கேட்பதும் நியாயமில்லை, வளையத்தின் மாற்றை முழு மாலைக்கும் சுமத்துவதும் நியாயமில்லை. காசைத் தனியே மதிப்பிடச் சொல்லுங்கள்.

கடைசி வழி, அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் நெருப்புச் சோதனை. தர்மபுரியிலிருந்து சேலமோ, கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரோ போய்ச் சில நூறு ரூபாய் கட்டணத்தில் நகையைச் சோதிக்கக் கொடுக்கலாம். நகையிலிருந்து ஒரு துணுக்கை வெட்டியெடுத்து, வெள்ளி சேர்த்து ஈயத்தகட்டில் பொதிந்து, ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட சூட்டில் வைத்து மட்ட உலோகங்களைப் போக்கி, எஞ்சிய மணியை நைட்ரிக் அமிலத்தில் இட்டு வெள்ளியைப் பிரித்து, மிஞ்சும் தூய தங்கத்தை நிறுத்துப் பார்க்கும் முறை இது. மாற்றைச் சொல்லுவதில் இதற்கு நிகரான வழி வேறில்லை. ஆனால் துணுக்கை இழக்க வேண்டும், வயதைப் பற்றி இது ஒரு சொல்லும் சொல்லாது. அமைவனத்தில் பதிவுபெற்ற கடைக்காரர் வழியாகத்தான் பழைய நகைக்குப் புதிய ஹால்மார்க் பெற முடியும். அப்படிப் பெறும் குறியில் தெரிவது சோதித்த காலம்தான், செய்த காலம் அல்ல. நம்மிடமுள்ள பழைய நகையைக் கடைக்கு விற்க ஹால்மார்க் தேவையே இல்லை. முத்திரை இல்லையே என்று விலையைக் குறைப்பவரிடம் கருவியில் வைத்துக் காட்டச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

இந்த ஐந்தையும் வைத்துப் பார்க்கும்போது என் முடிவு தெளிவானது. வயது தெரிய வேண்டுமானால் முத்திரையும் காகிதமும், அதன் பிறகு ஆசாரியின் கண். மாற்று மட்டும் போதுமானால் கருவி. உருக்குவது என்று குடும்பம் முழுவதும் ஒப்பி எழுதிக் கையெழுத்திட்ட பிறகு மட்டுமே நெருப்புச் சோதனை. வரிசை மாறக் கூடாது. கருவியில் கிடைக்கும் எண் கையில் இருக்கும்போது காகிதத்தைத் தேடும் பொறுமை யாருக்கும் வருவதில்லை, எனக்கும் வந்திருக்காது.

சட்டம் பற்றி ஒரு குறிப்பு. நூறாண்டுக்கு மேற்பட்ட நகை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகும். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு அதை அனுப்பிவைக்க நினைப்பவர்கள், தனியார் அதை ஏற்றுமதி செய்யத் தடை இருப்பதை அறிந்திருக்க வேண்டும். நிலத்தை உழும்போதோ கிணறு வெட்டும்போதோ பொன் கிடைத்தால் அது வீட்டு நகை ஆகாது; 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த நிலையில் ஆசாரியிடமோ கடையிலோ காட்டுவது முதல் வேலையே அல்ல.

எங்கள் பெட்டியைப் பொறுத்தவரை, இரட்டை வடச் சங்கிலி ஒன்றை மட்டும் உருக்கிப் பிரிக்க எல்லோரும் ஒப்பினார்கள். முகப்பையும் கொக்கியையும் இருபுறமும் படமெடுத்து, 1978ஆம் ஆண்டு நகைக்கடன் சீட்டோடு சேர்த்து வைத்த பிறகு அது சேலத்துக்குப் போனது. கம்மல் இரண்டும் அவற்றின் சொந்தத் திருகுகளோடு அக்காவுக்கு. காசுமாலை பிரிக்கப்படாமல் அத்தையிடம் இருக்கிறது, காசுகளின் ஆண்டுப் பட்டியல் அதன் துணிப்பைக்குள் இருக்கிறது. மோதிரம் பெரியப்பாவுக்கு, அதை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அட்டிகையை மட்டும் இன்னும் யாருக்கென்று முடிவு செய்யவில்லை. அரக்கு இருக்கிறது, சூடு காட்டக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி, அதே பெட்டியில் வைத்திருக்கிறோம்.